சிவப்புத் துணி கட்டிய வண்டி

பக்கக் கண்ணாடியில் பின்னால் வரும் வண்டிகளுக்குப் பதிலாக வெறும் தார் ரோடு தெரிந்தால், முந்தின நாள் என் தங்கச்சி வண்டி எடுத்திருக்கிறாள் என்று அர்த்தம். அவள் குள்ளம், நான் நெட்டை. தன் உயரத்துக்குக் கண்ணாடியைச் சாய்த்துவிட்டு அப்படியே விட்டுப் போவாள். திருப்பி வைக்க ஒரு விரல் போதும். அந்த ஒரு விரலைக்கூட எனக்காக அசைக்க மாட்டாள். காலையில் வேலைக்குக் கிளம்பும்போது எனக்கு வருகிற முதல் கோபம் இதுதான். மீதிக் கோபங்கள் தெருமுனை தாண்டுவதற்குள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்துவிடும்.

வண்டி ஒன்று, ஓட்டுகிறவர்கள் இரண்டு பேர். எனக்கு மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் காலை ஷிப்ட். அவளுக்கு மருந்துக்கடையில் மதியத்துக்கு மேல் வேலை. நான் வந்து மாடிப்படிக்குக் கீழே நிறுத்தினால் அவள் எடுத்துக்கொண்டு போவாள். இரண்டு பேரும் சேர்ந்து வாங்கிய வண்டி. வாங்கிய புதிதில் இதைவிட நல்ல ஏற்பாடு உலகத்தில் இல்லை என்று நினைத்துக்கொண்டோம். ஒருமுறை மெக்கானிக்கிடம் விட்டு, டேங்கில் ஒரு நீளக் கீறலோடு வண்டி திரும்பி வந்த பிறகு, சின்னச் சின்ன வேலைகளை வீட்டிலேயே பார்த்துக்கொள்வது என்று முடிவு செய்தோம். வண்டியோடு வந்த கையேட்டை அவள் படிக்கட்டில் உட்கார்ந்து சத்தமாகப் படிப்பாள். நான் தரையில் குந்தியபடி அவள் சொல்வதைச் செய்வேன். சில்வண்டு என்று அவளுக்குப் பெயர் வைத்ததே நான்தான். வாய் ஓயாது. செயினுக்கு எண்ணெய் விட்டு முடிப்பதற்குள், அன்று மருந்துக்கடைக்கு வந்து போன அத்தனை பேருடைய சளியும் மூலமும் எனக்குத் தெரிந்துவிடும்.

துணிக் கட்டளை அந்தக் காலத்தில் போட்டது. போட்டவள் நான். வேலை பாதியில் நின்றால் கைப்பிடியில் சிவப்புத் துணி கட்ட வேண்டும். அம்மாவின் கிழிந்த நைட்டியிலிருந்து வெட்டிய துணி அது. கட்டியிருந்தால் எங்கேயோ ஒரு நட்டு கழன்று கிடக்கிறது, வண்டியைத் தொடாதே என்று பொருள். வேலை முடிந்ததும் கட்டியவளே அவிழ்க்க வேண்டும். மற்றவள் கை வைக்கக் கூடாது. இரண்டு பேரும் வெவ்வேறு நேரத்தில் வந்து போகிற வீட்டில் இதைவிடச் சுலபமான வழி எது?

அப்புறம் சண்டை வந்தது.

அவளுக்கு ஒரு வரன் பேசி, மாப்பிள்ளை வீட்டார் எங்கள் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். பையனுடைய அத்தை என்னைப் பார்த்துவிட்டு, "மூத்தவளுக்கு ஏன் இன்னும் ஆகல?" என்று கேட்டாள். அம்மா வாயைத் திறப்பதற்குள் இவள் முந்திக்கொண்டாள். "அக்காதான் ஏற்கெனவே பைக்கைக் கட்டிக்கிட்டாளே!" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். வந்திருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். நான் கையிலிருந்த தட்டை மேஜைமேல் வைத்துவிட்டுக் கீழே இறங்கி, வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டேன். அந்த வரன் தட்டிப்போனது. நான் முகத்தைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போனதால்தான் தட்டிப்போனது என்கிறாள் அவள். என்னைச் சபையில் வைத்துச் சிரித்ததற்கு இன்றுவரை அவள் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. மற்ற நேரமெல்லாம் ஓயாத வாய்.

அன்றிலிருந்து பேச்சு நின்றது. என் போனில் அவளை பிளாக் செய்தேன். என்னை அவள் அதற்கு முன்பே பிளாக் செய்திருந்தாள் என்பது பிறகுதான் தெரிந்தது. அதிலும் முந்திவிட்டாள். நடுவில் இருந்தது அம்மா ஒருத்திதான்.

"அம்மா, ரசீது எங்கேன்னு உன் சின்னப் பொண்ணுகிட்ட கேளு."

"அம்மா, பீரோ மேல இருக்குன்னு உன் பெரிய பொண்ணுகிட்ட சொல்லு."

மூன்று பேரும் ஒரே மேஜையில் உட்கார்ந்திருப்போம். அம்மா தலையில் அடித்துக்கொள்வாள்.

வீட்டுக்குள் இல்லாத பேச்செல்லாம் வண்டியில் நடந்தது. சலவைக்கூடத்தில் தரை எப்போதும் ஈரம் என்பதால் நான் கனமான பூட்ஸ் போடுகிறவள். பின் பிரேக் பெடல் கொஞ்சம் தளர்வாக இருந்தால்தான் எனக்குச் சரி. இல்லையென்றால் பூட்ஸின் கனமே பெடலை அமுக்கி, பிரேக் உரசிக்கொண்டே வரும். அவள் போடுவது காகிதம் மாதிரி ஒரு செருப்பு. தொட்டவுடன் பிடிக்க வேண்டும் அவளுக்கு. பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் பிரேக் கம்பியின் நுனியில் இருக்கிற நட்டை நான் காலையில் தளர்த்துவேன். அவள் மதியம் இறுக்குவாள். கிளச்சிலும் இதே கதைதான். ஒரு நாளாவது விட்டுக்கொடுத்திருக்கிறாளா என்றால் இல்லை. நானும்தான் விடவில்லை. நான் ஏன் விட வேண்டும்?

அதையெல்லாம்கூடப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தேன். துணி விஷயத்தில் அவள் செய்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. ஒரு நாள் காலையில் துணி கட்டியிருந்தது. நெரிசலில் பஸ் பிடித்து, வேலைக்குத் தாமதமாகப் போய், மேற்பார்வையாளரிடம் வாங்கிக்கட்டிக்கொண்டு திரும்பினால், வண்டியைக் காணோம். அவள் ஓட்டிக்கொண்டு போயிருக்கிறாள். அடுத்த வாரம் மறுபடியும் துணி. இந்தத் தடவை குனிந்து எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்தேன். ஒரு நட்டுகூடக் கழலவில்லை. பகலில் தோழியோடு எங்கேயோ சுற்றுவதற்கு வண்டி வேண்டும், அதற்காக என்னை பஸ்ஸில் அனுப்பியிருக்கிறாள். பொய்த் துணி! வேறு எதில் வேண்டுமானாலும் பொய் சொல்லட்டும். பிரேக்கிலும் செயினிலும் பொய் சொல்கிறவளை என்ன செய்வது?

"அம்மா, வேலை நடக்காதப்ப துணி கட்டக் கூடாதுன்னு சொல்லு அவகிட்ட!" என்று கத்தினேன்.

"அந்தப் பீத்தத் துணியை அடுப்புல போட்டாத்தான் இந்த வீடு உருப்படும்" என்றாள் அம்மா.

சொன்னபடி அடுப்பில் போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. அவள் அதைவிட மோசமாக ஒன்று செய்தாள்.

அம்மாவுக்குக் கண்ணில் புரை ஆபரேஷன் ஆகியிருந்தது. ஒரு கண்ணில் கட்டு. கட்டைப் பிரித்துப் பார்க்க அன்று சாயங்காலம் வரச் சொல்லியிருந்தார்கள். எனக்கு வார விடுமுறை. செயின் ரொம்ப நாளாகத் தொங்கிக்கொண்டு, மேடு பள்ளத்தில் சடசடவென்று அடித்துக்கொண்டிருந்தது. அதை இழுத்துச் சரிசெய்துவிட்டு, நானே அம்மாவைக் கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தேன்.

படிக்குக் கீழே செய்தித்தாளை விரித்துக் காலையிலேயே உட்கார்ந்தேன். பின் சக்கர அச்சின் முனையில் ஒரு பெரிய நட்டு இருக்கிறது. சக்கரத்தையே பிடித்து நிறுத்துவது அதுதான். ஓடுகிற அதிர்வில் அது சுழன்று கழன்றுவிடக் கூடாது என்பதற்காக, அச்சில் இருக்கும் துளையில் ஸ்பிளிட் பின் என்று ஒரு சின்னக் கம்பியைச் செருகி, அதன் இரண்டு காலையும் மடக்கியிருப்பார்கள். பின்னை உருவி, நட்டைத் தளர்த்தி, சக்கரத்தைக் கொஞ்சம் பின்னால் தள்ளினால் செயின் இறுகும். இரண்டு பக்கமும் ஒரே கோட்டுக்கு வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு நட்டை முறுக்கி, பின்னைப் போட்டு மடக்கினால் வேலை முடிந்தது. நிதானமாகச் செய்தேன். சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி, செயின் எங்கே அதிகமாக இறுகுகிறது என்று விரலால் அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். மனசுக்கு அது ஒன்றுதான் இதமான வேலை. இரும்பு எதிர்த்துப் பேசாது.

பழைய பின் கையில் ஒடிந்துவிட்டது. ஒடிந்ததைத் திரும்பப் போட முடியாது. வேறு வாங்க வேண்டும். நட்டைக் கழன்று விழாமல் இருக்க விரலால் மட்டும் சுழற்றி வைத்தேன். ஸ்பானரைச் செய்தித்தாள்மேல் வைத்தேன். துணியை எடுத்துக் கைப்பிடியில் இரண்டு முடிச்சுப் போட்டுக் கட்டினேன். போன் மேலே சார்ஜில் கிடந்தது. கையெல்லாம் கிரீஸ் என்பதால் அதை எடுக்க ஏறவில்லை. வண்டி வேலைக்கும் போடுகிற பூட்ஸோடு பொடிநடையாக உதிரிபாகக் கடைக்குப் போனேன்.

கடைக்காரர் நல்ல மனிதர்தான். ஆனால் பின் கேட்டால் பின்னைக் கொடுக்க வேண்டியதுதானே? "யாரும்மா வீட்டுல வேலை பாக்குறது? தம்பியா?" என்றார்.

"நான்தான்."

"நட்டெல்லாம் டைட்டா இருக்கும். கை வலிக்கும்மா. வண்டியை இங்க அனுப்பிவிடுங்க."

"அண்ணே, பின்."

"எந்த வண்டின்னு தம்பிகிட்ட கேட்டுட்டு வாங்க. அளவு மாறிடும் பாருங்க."

இல்லாத தம்பியைப் பற்றி இன்னும் கொஞ்சம் விசாரித்துவிட்டுத்தான் பின்னை எடுத்துக் கொடுத்தார். வழியெல்லாம் அவரை மனசுக்குள் திட்டிக்கொண்டே திரும்பினேன்.

படிக்குக் கீழே வண்டி இல்லை.

செய்தித்தாள் இருந்தது. ஒடிந்த பின் இருந்தது. நான் தாள்மேல் வைத்த ஸ்பானர் மட்டும் படியில் கிடந்தது. அம்மா ஒதுக்கியிருப்பாள் என்று நினைத்தேன். வாசலுக்கு வந்து நின்றேன். நெற்றியில் சொட்டென்று ஒரு துளித் தண்ணீர் விழுந்தது. நிமிர்ந்து பார்த்தேன். மேலே எங்கள் பால்கனிக் கொடியில், கிளிப் போட்டு, சோப்புப் போட்டுத் துவைத்த சிவப்புத் துணி சொட்டிக்கொண்டிருந்தது.

கீழ்வீட்டுத் தையல்காரி மிஷினிலிருந்து தலையைத் தூக்கினாள். "உன்னத்தான் தேடினாங்க. கண் டாக்டர் சீக்கிரம் கிளம்புறாராம், உடனே வரச்சொல்லி போன் வந்துச்சாம். உன் தங்கச்சிதான் அம்மாவைப் பின்னாடி உக்கார வச்சுக் கூட்டிட்டுப் போயிருக்கா."

"எப்ப?"

"இப்பத்தான். ஏன் உன் மூஞ்சி இப்படிப் போச்சு?"

விரலால் சுழற்றி வைத்த நட்டு. பின் இல்லை. முதல் கொஞ்ச தூரம் ஒன்றும் தெரியாது. வண்டி நன்றாகத்தான் ஓடும். அதிர அதிர நட்டு தானாகச் சுழன்று வெளியே வரும். கண் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் மேம்பாலம் இருக்கிறது. அந்த இறக்கத்தில் பிரேக் பிடித்தால் சக்கரம் கோணிக்கொள்ளும். பின்னால் ஒற்றைக் கண்ணோடு அம்மா.

மேலே ஓடினேன். என் போனில் அவள் பெயரைத் தேடி, பிளாக்கை எடுத்து, அழைத்தேன். போகவில்லை. அவள் தன் போனில் என் பிளாக்கை எடுக்கவில்லையே! ஊரில் இருக்கிற அத்தனை பேரும் அவளை அழைக்கலாம், கூடப் பிறந்தவள் மட்டும் அழைக்க முடியாது. அம்மாவை அழைத்தேன். பிரிட்ஜ்மேல் அம்மாவின் போன் பாட ஆரம்பித்தது. எனக்கு வந்த வெறியில் அதைச் சுவரில் அடித்திருப்பேன். அடிக்காமல், அதிலிருந்தே தங்கச்சியை அழைத்தேன். மணி போனது. போய்க்கொண்டே இருந்தது. வண்டி ஓட்டும்போது அவள் போன் எடுக்க மாட்டாள். அவளிடம் இருக்கிற ஒரே நல்ல பழக்கம் அன்றைக்கென்று பார்த்துக் குறுக்கே வந்தது.

இரண்டு போனையும் பின் பொட்டலத்தையும் அள்ளிக்கொண்டு கிரீஸ் கையோடு ஓடி பஸ் ஏறினேன். ஜன்னல் ஓரமாக நின்றுகொண்டு ரோட்டையே பார்த்தேன். அழைத்துக்கொண்டே இருந்தேன். துவைத்துப் போட்டவளைத் திட்டினேன். பொய்த் துணி கட்டித் துணிக்கு இருந்த மதிப்பைக் கெடுத்தவளைத் திட்டினேன். தம்பியைக் கேட்டுக்கொண்டிருந்த கடைக்காரரைத் திட்டினேன். வாய்விட்டே திட்டியிருக்கிறேன் போல. பக்கத்தில் இருந்தவர் இரண்டு சீட் தள்ளிப் போய் உட்கார்ந்தார்.

மேம்பாலத்தில் பஸ் நின்றுவிட்டது. இறக்கத்தில் கூட்டம். ஹாரன் சத்தம்.

"என்ன ஆச்சு?" என்று யாரோ கேட்டார்கள்.

"வண்டி ஏதோ சாஞ்சிருச்சு போல" என்றான் நடத்துநர்.

"கதவைத் திற."

"இங்க இறங்கக் கூடாதும்மா."

"திறன்னு சொல்றேன்!"

என் கத்தலில் அவன் திறந்துவிட்டான். இறக்கத்தில் ஓடினேன். கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். தக்காளிக் கூடைகள் ஏற்றிய தள்ளுவண்டி ஒன்று கவிழ்ந்து கிடந்தது. ரோடு முழுக்கச் சிவப்பு. ஒரு கணம் எனக்கு அது தக்காளி என்றே புரியவில்லை. புரிந்ததும் அந்த வண்டிக்காரர்மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. பாவம், அவர் தன் தக்காளியைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரி கேட்டுக்குள் நுழைந்தவுடன் கண் முதலில் தேடியது மனுஷர்களை இல்லை, வண்டியை. மற்ற வண்டிகளோடு வரிசையில் ஒழுங்காக நின்றுகொண்டிருந்தது. கிட்டே போய் அப்படியே மண்ணில் மண்டியிட்டு அச்சைப் பிடித்தேன். நட்டு அசையவில்லை. இரண்டு கையாலும் முறுக்கிப் பார்த்தேன். கல் மாதிரி இருந்தது. பின் இருக்க வேண்டிய துளையில் கறுப்பாக ஏதோ மின்னியது. ஹேர்பின். இரண்டு காலையும் எதிரெதிர்ப் பக்கமாக மடக்கி, நுனி எதிலும் உரசாதபடி உள்ளே தட்டிவிட்டிருந்தது. கையேட்டில் படம் போட்டிருக்கிற மாதிரியே.

"ஏன் அம்மா போன்ல இருந்து அத்தனை தடவை அடிச்சே? அம்மாவே என்கூடத்தான இருக்காங்க. பேய் அடிக்குதோன்னு பயந்துட்டேன்."

தலைக்கு மேல் அவள் நின்றுகொண்டிருந்தாள். முன் மயிர் நெற்றியில் விழுந்து கிடந்தது. ஒரு பக்கத்து ஹேர்பின் இல்லை. நகக்கண்ணில் கிரீஸ். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு என்னைப் பார்த்து அவள் பேசுகிற முதல் பேச்சு இது.

எழுந்து ஒரு அறை விட்டேன். விட்டேன் என்றால், கை தோளில்தான் பட்டது. குறி தவறிவிட்டது.

"பைத்தியமா பிடிச்சிருக்கு?" என்று கத்தினாள்.

"அச்சு நட்டு லூசா இருந்துச்சுடி! பின்னு இல்லடி! துணி கட்டிட்டுத்தான போனேன்!"

"துணியா? எங்க இருந்துச்சு துணி? நான் இறங்கி வந்தப்ப துணியே இல்ல."

"அப்புறம் எப்படித் தெரிஞ்சுது உனக்கு?"

"கை வச்சுப் பார்த்தேன்."

"எதுக்குப் பார்த்தே? துணி இல்லைன்னா வேலை முடிஞ்சுதுன்னுதான அர்த்தம்?"

அவள் என்னை முறைத்தாள். சிரிக்கும்போது அவளை எனக்குத் தெரியும். இப்படி முறைக்கும்போது யாரோ மாதிரி இருந்தாள்.

"தினமும் பார்ப்பேன். நீ ஸ்பானரை எடுத்த நாளெல்லாம் நீ தொட்ட ஒவ்வொரு நட்டையும் நான் மறுபடி தொட்டுப் பார்த்துட்டுத்தான் வண்டியை எடுப்பேன். உன்மேல எனக்கு நம்பிக்கை இல்லை. போதுமா? கோபத்துல வேலை செய்றவ நீ. பாதியில விட்டுட்டுப் போவேன்னு எனக்குத் தெரியும். நம்பி ஏறியிருந்தா இந்நேரம் நானும் அம்மாவும் பாலத்துக்குக் கீழ கிடப்போம்."

எனக்கு எரிச்சல் இன்னும் ஏறியது. நான் பாதியில் விட்டுப் போகிறவளா? பின் வாங்கத்தானே போனேன்? துணி கட்டிவிட்டுத்தானே போனேன்? எல்லாவற்றையும் விதிப்படி செய்தவள் நான். ஆனால் என்னை நம்பாதவளால்தான் அம்மா உயிரோடு இருக்கிறாள்.

"பிரேக்?" என்றேன்.

"அதையும் பார்த்தேன். சக்கரத்தைப் பின்னாடி தள்ளினா பிரேக் கம்பி இழுத்துக்கும். தளர்த்தி வைக்கணும். செயின் பத்திக்கு அடுத்த பத்தியே அதுதான். உனக்குப் படிச்சுக் காட்டினதே நான்தான?"

"துணியைக் கெடுத்ததும் நீதான? வேலையே இல்லாம ரெண்டு தடவை கட்டி வச்சியே!"

"ஆமா, கட்டினேன்! வண்டி வேணும்னா உன்கிட்ட எப்படிக் கேக்குறது? நீதான் மூஞ்சியைக்கூடப் பார்க்க மாட்டியே!"

"கூட்டத்துல வச்சு என்னைச் சிரிச்சவ மூஞ்சியை எதுக்குடி பார்க்கணும்?"

இரண்டு பேர் போட்ட சத்தத்தில் ஆஸ்பத்திரிக் காவலாளி வந்துவிட்டார். அவருக்குப் பின்னால் அம்மா. கட்டுப் பிரித்த கண்ணில் கறுப்புக் கண்ணாடி. ஒரு கையில் மருந்துப் பை.

"அந்தத் துணியை நான்தான் அவிழ்த்தேன்" என்றாள் அம்மா. "கிளம்புற நேரத்துல கைப்பிடியில கன்னங்கரேல்னு தொங்கிட்டிருந்துச்சு. இவ புடவை மாத்திட்டு வர்றதுக்குள்ள மேல கொண்டுபோய்க் கசக்கிப் போட்டேன்."

"ஏம்மா தொட்டே? அது எதுக்குன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும். நீங்க ரெண்டு பேரும் ஒருத்தியை ஒருத்தி வண்டி ஏற விடாம இருக்கறதுக்குக் கட்டுற துணி. வேற எதுக்குன்னு நான் நெனைக்கணும்? ரெண்டு தடவை பார்த்தேனே!" அம்மாவின் குரல் ஏறியது. "ஏண்டி பெரியவளே, மேல ஏறி வந்து, 'அம்மா, சக்கரம் கழண்டு கிடக்கு, யாரும் எடுக்காதீங்க'ன்னு ஒரு வார்த்தை சொன்னா உன் கிரீடம் இறங்கிடுமா? இவ உள்ளதான் குளிச்சிட்டிருந்தா. கதவுக்கு வெளிய நின்னு கத்தினாக்கூடக் கேட்டிருக்கும். வாய் இருக்கிற ரெண்டு பொண்ணைப் பெத்து, கடைசியில ஒரு கந்தத் துணியை நம்பி என்னை வண்டியில ஏத்துறீங்க!"

காவலாளி தரையைப் பார்த்தார். எனக்கு அம்மாமேல் கோபம் வந்தது. அவள் சொன்னது சரி என்பதால் இன்னும் அதிகமாக வந்தது.

"வாம்மா, வீட்டுக்குப் போலாம்" என்றாள் தங்கச்சி.

"நான் பஸ்ல போறேன். நீங்க ரெண்டு பேரும் இந்த வண்டியிலேயே வாங்க. ஒருத்தி மட்டும் தனியா வந்து வீட்டுப் படி ஏறினா கதவைத் திறக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, அம்மா பிரிட்ஜ்மேல் விட்டுவந்த போனை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு நடந்தாள்.

வண்டி பக்கத்தில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் நின்றோம்.

சீட்டுக்கு அடியில் இருந்த சின்னக் குறடை எடுத்தேன். குந்தி உட்கார்ந்து ஹேர்பின்னை நிமிர்த்தி உருவினேன். பொட்டலத்திலிருந்து புதுப் பின்னை எடுத்துத் துளைக்குக் கொண்டுபோனால் துளை கிடைக்கவில்லை. அவள் எனக்கு எதிரே குந்தி, நகத்தால் கிரீஸை வழித்துத் துளையைக் காட்டினாள். செருகினேன். இரண்டு காலையும் மடக்கினேன்.

"முடிஞ்சுது" என்றேன்.

அவள் கையை நீட்டி நட்டை முறுக்கிப் பார்த்தாள். பின்னின் இரண்டு காலையும் அழுத்திப் பார்த்தாள். என் கண் முன்னாலேயே, நான் இப்போதுதான் போட்டதை! பிடரியில் நெருப்பு வைத்த மாதிரி இருந்தது.

"நான் பூட்டினதையா பார்க்கிறே?"

"ஆமா."

"இப்பத்தான பார்த்துட்டே இருந்தே?"

"இருந்தாலும் பார்ப்பேன். நாளைக்கும் பார்ப்பேன்."

சக்கரத்துக்கு அந்தப் பக்கம் அவள் முகம் வியர்த்திருந்தது. முன் மயிர் கண்ணில் விழ, கிரீஸ் கையால் ஒதுக்கினாள். நெற்றியில் கறுப்பாக ஒரு தீற்றல். உருவிய ஹேர்பின்னை நீட்டினேன். கோணிப்போய் ஒன்றுக்கும் உதவாமல் இருந்தது. வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள்.

"பாரு" என்றேன். "தினமும் பாரு. நான் கத்தினாலும் பாரு."

பெடலை நானும் ஒருமுறை அமுக்கிப் பார்த்தேன். அவளுக்குப் பிடித்த மாதிரி இறுக்கமாகத்தான் வைத்திருந்தாள். வண்டியில் ஏறினேன். அவள் பின்னால் உட்கார்ந்தாள். கண்ணாடியில் வெறும் தரைதான் தெரிந்தது. திருப்பினேன். அவளுடைய மூக்கும் வாயும் தெரிந்தன.

"மறுபடி நான் திருப்பணும்" என்றது வாய்.

"திருப்பிக்கோ."

கேட்டைத் தாண்டுவதற்குள் பெடலில் பூட்ஸ் பட்டு வண்டி குலுங்கி நின்றது. "காலை எடு அதுமேல இருந்து!" என்று அவள் என் முதுகில் குத்தினாள். "யாருடி இவ்வளவு டைட்டா வச்சது?" என்று நான் கத்தினேன். வீடு வரைக்கும் கத்திக்கொண்டேதான் போனோம். மேம்பால இறக்கத்தில் மட்டும் இரண்டு பேரும் பேசவில்லை. அங்கே ரோட்டில் இன்னும் தக்காளி நசுங்கிக் கிடந்தது. அவள் என் இடுப்பை இறுக்கப் பிடித்துக்கொண்டாள்.